உணவுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு: மகளை அனுப்பலாமா?

பழைய_இரவுப்பணியாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வடமேற்கு இலண்டனில் ஹரோவில் வசிக்கிறோம். மகள் ஏ லெவல் இரண்டாம் ஆண்டில் உயிரியல், இரசாயனவியல், கணிதம் ஆகிய பாடங்களைப் படிக்கிறாள். மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பிப்பாள் என்று நாங்கள் எண்ணியிருக்க, அவளோ உணவுத் தயாரிப்பு நிறுவனமொன்றில் டிகிரி அப்ரன்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பயிலுநராகச் சேர விரும்புவதாகச் சொல்கிறாள். பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு, முடிவில் பட்டமும் கிடைக்கும் என்று விளக்குகிறாள்.

என் தயக்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க் ரோயலில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் இரவு வேலை செய்தேன். பெல்ட் நிற்காமல் ஓடும். ஒரு பாண் துண்டின் மேல் நான்கு வெள்ளரித் துண்டுகளை வைத்து முடிப்பதற்குள் அடுத்த பாண் வந்துவிடும். குளிருக்காக உள்ளே கம்பளிக் கையுறையும் வெளியே நீல நிறக் கையுறையும் போட்டிருந்தும், விடியற்காலையில் பஸ் அட்டையை எடுக்க விரல் மடங்காது. பிள்ளைகள் அந்தக் கதவுக்குள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை இரவுகளும் அங்கே நின்றேன். இப்போது மகள் அதே கதவைத் தானே தேடிப் போகிறாள்.

இது உண்மையான பட்டம்தானா, பெல்ட்டில் நிற்க வைப்பார்களா, படிக்க நேரம் தருவார்களா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மூன்றாமாண்டுப்_பயிலுநர்

வணக்கம் ஐயா. நான் லிங்கன்ஷயரில் குளிரூட்டிய ஆயத்த உணவுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாம் ஆண்டுப் பயிலுநராக இருக்கிறேன். என் அம்மாவும் உங்களைப் போலவே முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது.

பட்டம் முழுமையான பட்டம்தான். இங்கிலாந்தில் இந்த முறை 2015 இல் தொடங்கியது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தைப் பயிலுநர் வரியாகச் செலுத்துகின்றன. பல்கலைக்கழகத்துக்கான கட்டணம் அந்தப் பணத்திலிருந்து போகிறது. பயிலுநரிடம் ஒரு பென்ஸ்கூட வாங்கக் கூடாது என்பது விதி. மற்றப் பிள்ளைகள் 2025 இல் ஆண்டுக்கு 9,535 பவுண் கட்டணத்துக்குக் கடன் எடுத்துத் தொடங்கினார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெல்ட்டில் நிற்க வைப்பார்களா என்று கேட்டீர்கள். நிற்க வைப்பார்கள். முதல் ஆறு மாதங்கள் நான் ஒவ்வொரு பிரிவிலும் நின்றேன், நீங்கள் சொல்லும் அந்த இரட்டைக் கையுறையோடுதான். ஆனால் உங்களை அங்கே நிறுத்தியவர்கள் கேட்காத ஒரு கேள்வியை என்னிடம் கேட்டார்கள்: இந்த இடத்தில் எது தவறாகப் போகக்கூடும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பொதி செய்த பெட்டிகள் எல்லாம் உலோகம் கண்டறியும் கருவி வழியாகச் செல்ல வேண்டும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, இரும்பு, பித்தளை, துருப்பிடிக்காத உருக்கு ஆகிய மூன்றின் சிறு குண்டுகள் பதித்த மூன்று சோதனைத் துண்டுகளை எங்கள் தொழிற்சாலையில் மணிக்கொரு முறை உணவுப் பெட்டியோடு அனுப்புவோம். மூன்றையும் கருவி தள்ளிவிட வேண்டும். முதலாம் ஆண்டில் ஒரு பிற்பகல், உருக்குத் துண்டு வைத்த பெட்டி எதுவும் நடக்காததுபோல் கருவியைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. மறுமுறை அனுப்பினேன், மறுபடியும் தாண்டியது. நான் லைனை நிறுத்தினேன். கடைசியாகச் சோதனை சரியாக வந்த நேரத்திலிருந்து பொதி செய்த அனைத்தும், அதாவது ஒரு மணி நேரத்து உற்பத்தி முழுவதும், தடுத்து வைக்கப்பட்டது. ஷிப்ட் மேலாளர் வந்து, லொறி வெளியே காத்து நிற்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். எனக்குக் கால் நடுங்கியது. தர உறுதிப் பிரிவிலுள்ள என் வழிகாட்டி வந்து, பதிவேட்டில் நான் எழுதியதன் கீழே தன் கையொப்பத்தை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் அதன் காரணத்தைப் படித்தோம். துருப்பிடிக்காத உருக்கில் உணவுத் தொழிற்சாலைகளில் அதிகம் பயன்படும் வகைகளைக் காந்தம் பெரிதாகக் கவராது. மின்சாரத்தையும் அது நன்றாகக் கடத்தாது. ஆகவே கருவிக்கு அது மூன்றிலும் மங்கலாகவே தெரியும். உப்பும் ஈரமும் உள்ள உணவு தானே மின்சாரத்தைக் கடத்திக் கருவியைக் குழப்பும். அன்று ஓடியது உப்புக் கூடிய ஒரு குழம்பு. முந்தைய உணவுக்கு அமைத்த அளவீட்டை யாரும் மாற்றியிருக்கவில்லை. அதையே எனது ஒப்படையாக எழுதினேன். வகுப்பில் முழுநேரம் படிக்கும் நண்பர்கள் படத்தில் மட்டும் கண்ட கருவியோடு நான் சண்டை போட்டிருந்தேன்.

முப்பது_ஆண்டு_தரக்கட்டுப்பாடு

அன்பின் நண்பருக்கு, தங்கை எழுதியவை அனைத்தும் சரி. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

என் அக்காவின் மகன் இதே வழியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு முடிவில் விலகினான். பாடம் கடினமாக இருந்ததால் விலகவில்லை. வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டப்படியான நிபந்தனை. 2022 முதல் அது வாரத்துக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் என்று இருந்தது, 2025 ஓகஸ்டுக்குப் பின் தொடங்குவோருக்கு ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்த மணி நேரம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அவன் இருந்த நிறுவனத்தில் அது தாளில் மட்டும் இருந்தது. ஒக்டோபர் மாதம் கிறிஸ்மஸ் உற்பத்தி தொடங்கியதும் ஆள் போதவில்லை என்று படிப்பு நாளைப் பறித்தார்கள். ஜனவரியில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். ஜனவரியில் கணக்காய்வு வந்தது. பகல் ஷிப்ட் முடிந்து வந்து நள்ளிரவில் ஒப்படை எழுதிய பிள்ளை எவ்வளவு காலம் தாங்கும்?

ஆகவே மகளிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கச் சொல்வதைவிட நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கே பயிலுநராக இருக்கும் ஒருவரோடு தனியே பேச அனுமதி கேட்கட்டும். சென்ற நவம்பர் மாதம் உங்கள் படிப்பு நாள்கள் எத்தனை கிடைத்தன என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். பதிலைவிட, பதில் சொல்ல எடுக்கும் நேரம் அதிகம் சொல்லிவிடும்.

எதிர்காலம் பற்றி எனக்குக் கவலையில்லை. பிரித்தானியாவின் உற்பத்தித் துறைகளில் உணவும் பானமும்தான் மிகப் பெரியது. ஒவ்வாமை தரும் 14 பொருட்களைப் பற்றிய விதிகளும், முன்பொதி செய்து அதே இடத்தில் விற்கும் உணவுக்கு முழு உள்ளடக்கப் பட்டியலைக் கட்டாயமாக்கி 2021 ஒக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த நடாஷா சட்டமும் எங்கள் வேலையைக் கூட்டியிருக்கின்றனவே தவிரக் குறைக்கவில்லை. பாண் துண்டில் எள்ளு இருப்பதை ஒரு சுட்டித்தாள் சொல்லாமல் விட்டால் ஓர் உயிர் போகும் என்பதை அறிந்த ஆள் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தேவை.

பழைய_இரவுப்பணியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. தங்கை எழுதிய சோதனைத் துண்டுகளை நான் ஆறு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மணிக்கொரு முறை வந்து போவார். எங்களை வேவு பார்க்க வருகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நேற்று இரவு மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, அந்த ஆளாகத்தான் நான் போகிறேன்" என்றாள்.

பணம் தொடர்பாக இன்னும் ஒரு சந்தேகம். வீட்டுக்கு வரும் பிள்ளை உதவித்தொகை தொடருமா? மேலும், மருந்தாளர் படிப்புக்கும் இதற்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாமா? நேர்காணலுக்கும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கவும் அடுத்த வாரம் அழைத்திருக்கிறார்கள்.

மூன்றாமாண்டுப்_பயிலுநர்

பிள்ளை உதவித்தொகை நின்றுவிடும் ஐயா. பயிலுநராகச் சேர்ந்தால் அது வேலையாகக் கணக்கிடப்படும். அரசின் மாணவர் கடனும் கிடையாது, ஆகவே வேறூரில் அறை எடுத்தால் வாடகை சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். சட்டப்படியான பயிலுநர் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுணாக மட்டுமே இருந்தது. பட்டப் பயிலுநருக்குப் பெரிய நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகத் தருவது வழக்கம் என்றாலும், விளம்பரத்திலுள்ள தொகையை மாத வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். பல்கலைக்கழக இடம் கையில் இருந்தபோது நேர்காணலில் குரல் நடுங்கவில்லை.

சுற்றிப் பார்க்கப் போகும் நாளில் தோடு, சங்கிலி, வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நகப்பூச்சும் வாசனைத் திரவியமும் வேண்டாம். எங்கள் தொழிற்சாலையில் கற்களில்லாத திருமண மோதிரம் ஒன்றுக்குத்தான் அனுமதி. தலைமுடிக்கான வலையைக் காது மறையப் போடும் முறை அவளுக்குத் தெரியாது. அதை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.