சர்குலர் சாவை (கையில பிடிச்சு அறுக்கிற வட்ட ரம்பம்) கவிழ்த்து டேபிள் சா (மேசை ரம்பம்) ஆக்கிய மேசைகள்: பார்த்ததைப் பகிருங்கள்

பூவரசு:
கரண்ட் போய்த் திரும்பி வந்த அந்த நொடி இன்னும் மனசை விட்டுப் போகல. 7 இஞ்ச் சா, 18 எம்எம் பிளைவுட் மேசை, டிரிக்கரை கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தாங்க. பாதி அறுப்புல கரண்ட் கட். ஆசாரி பலகையை அப்படியே விட்டுட்டு டீக்குப் போயிட்டார். கரண்ட் வந்ததும் மிஷின் தானா ஓடி, பல்லுல நின்ன வேங்கைப் பலகை பறந்து எதிர்ச் சுவத்துல பூச்சு பெயர்ந்துச்சு. வழக்கமா அவர் நிக்கிற இடம் வழியாத்தான் போச்சு.

மேசைக் கால்ல ஒரு சாதா சுவிட்ச் வெச்சாலும் இதுதான் நடக்கும், அது ஆன்லயே நிக்கும். என்விஆர் (நோ-வோல்ட் ரிலீஸ்) சுவிட்ச் போடுங்க. கரண்ட் போனா உள்ள காயில் விட்டுடும். பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினாத்தான் ஓடும். 1200 வாட் மிஷின் ஓடும்போது 5 ஆம்பியர் சொச்சம்தான், ஆனா ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் சுவிட்ச்சா வாங்குங்க.

ரம்பக்காரன்:
அண்ணே, சுவிட்ச் பாதிக் காரணம்தான். வேங்கை மாதிரி முறுக்கு உள்ள மரம் அறுக்க அறுக்க வெட்டுவாய் மூடிக்கிட்டு பிளேடைக் கவ்வும். கரண்ட் போகாட்டியும் அது பறக்கும். பிளேடுக்குப் பின்னாடி ரைவிங் நைஃப், அதாவது வெட்டுவாயை மூட விடாம நிக்கிற தகடு, இருந்திருந்தா அந்தப் பலகை கவ்வியே இருக்காது. பிளேடுல பல்லின் அகலம் 1.8, பிளேடுத் தகட்டோட கனம் 1.2 எம்எம்னா, நைஃபுக்கு 1.5 எம்எம் இரும்புத் தகடு. பல்லுக்கும் அதுக்கும் 3லிருந்து 5 எம்எம் இடைவெளி, உச்சி பல்லின் உச்சிக்கு ஒரு துளி கீழே. மேசையில நிரந்தரமா திருகினா பிளேடை இறக்கும்போது இடைவெளி கூடிடும். அதனால பிளேடு உயரத்தை ஒரே இடத்துல வெச்சுட்டு, மெல்லிசுப் பலகைக்கு மேசை மேல இன்னொரு பிளைவுட் போட்டு அறுங்க.

மைக்கா மேசை:
எனக்கு உறுத்துறது வேற. 8 அடி வெள்ளை மைக்கா ஷீட் ஒட்டின பிளைவுட், அறுத்து எடுத்துப் பார்த்தா ஓரம் முழுக்க எலி கடிச்ச மாதிரி. பிளேடு புதுசு, 40 பல். மைக்கா முகத்தைக் கீழே வெச்சு அறுத்ததுதான் கேடு. கையில பிடிச்சு அறுக்கும்போது பல் கீழேயிருந்து மேலே ஏறும், அப்போ நல்ல முகம் கீழே. கவிழ்த்து மாட்டினா பல் மேசையை நோக்கி இறங்கும், நல்ல முகம் மேலே. மிஷினோட முன்பக்கம் நிக்கிற ஆளைப் பார்த்து இருக்கணும், காவர்ல உள்ள அம்புக்குறியைப் பாருங்க. திருப்பி மாட்டினா பலகையைத் தூக்கி எறியும்.

4 இஞ்ச் மார்பிள் கட்டரை மாட்டுறவங்களுக்கும் ஒண்ணு: அறுப்பு ஆழம் 34 எம்எம் கிடைச்சாலும், 18 எம்எம் மேசை போக மிச்சம் 16. 19 எம்எம் பலகை முழுசா அறுபடாது. பிளேடுல 13,000 ஆர்பிஎம் தாங்கும்னு அச்சிட்டிருக்கணும். இல்லாததை மாட்டவே கூடாது.

மூலைமட்டம்:
தம்பி, ஆழக் கணக்கு சரி. அதுக்கு வழி, மேசைக்கு அடியில பேஸ் பிளேட் (மிஷினோட அடித்தகடு) அளவுக்கு ரவுட்டரால் (மரம் குடையிற மிஷின்) குடைஞ்சு 10 எம்எம் மட்டும் விடுறது. 24 எம்எம் ஆழம் கைக்கு வந்துடும். இல்லேன்னா அந்த இடத்துல 6 எம்எம் அலுமினியத் தகடு. பேஸ் பிளேட்ல நாலு மூலையிலும் துளை போட்டு எம்6 கவுன்டர்சங்க் போல்ட் (தலை மட்டமா பதியுறது), நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் உள்ளது). சாதா நட் அதிர்வுல கழன்றுடும். வார்ப்பு பேஸ்னா விளிம்பை ஒட்டித் துளைக்காதீங்க, விரிஞ்சுடும். எம்டிஎஃப்ல (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) மரத் திருகு மட்டும் போட்ட மேசையை நம்பாதீங்க.

அப்புறம் நேர் பாருங்க. பிளேடுல ஒரே ஒரு பல்லை ஸ்கெட்ச்ல குறிச்சு, அது முன்னாடி இருக்கும்போது ஃபென்ஸுக்கு (பலகையை ஒட்டித் தள்ளுற பக்கச் சட்டம்) எவ்வளவு, சுத்தி அதே பல்லைப் பின்னாடி கொண்டுபோய் எவ்வளவுன்னு அளங்க. வேற வேற பல்லை அளந்தா தகட்டோட கோணல் கணக்குல சேர்ந்துடும். பின்பக்கம் கால் எம்எம் வரை விலகலாம். நெருங்கவே கூடாது, நெருங்கினா பலகை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவுல நசுங்கி, பின்பக்கப் பல் மேலே தூக்கும். மரம் கருகுற வாசனை வந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். குறுக்கே அறுக்கும்போது மைட்டர் கேஜையும் (பலகையைக் கோணம் பிடிச்சுத் தள்ளுற சட்டம்) ஃபென்ஸையும் ஒண்ணா உபயோகிக்காதீங்க, வெட்டுப்பட்ட துண்டு சிக்கிக்கும். அறுக்கிற மரத்துக்கு மேல பல் ஒரு நூல் வெளியே தெரிஞ்சா போதும். கடைசிச் சாணுக்குத் தள்ளுகட்டை, விரல் இல்ல.

பூவரசு:
ரம்பக்காரன் தம்பி சொன்ன நைஃப் இருந்தாலும் பல் திறந்தேதான் கிடக்குது. கவிழ்த்து மாட்ட, பிளேடைத் தானா மூடுற ஸ்பிரிங் காவரைத் திறந்தபடி கட்டி வெச்சிருப்பாங்களே. மேலே தொங்குற மாதிரி 5 எம்எம் அக்ரிலிக் மறைப்பு ஒண்ணு கண்டிப்பா வேணும்.

ரம்பக்காரன்:
அது சரி அண்ணே. இன்னொண்ணு: 45 டிகிரி வரை சாயுற அந்த பேஸ் பிளேட், பிடியை இறுக்கினாலும் கொஞ்சம் ஆடும். 90ல வெச்சு, மோட்டார் உடம்புக்கும் மேசைக்கும் நடுவுல, காத்து போற துளையை அடைக்காம, மரக்கட்டை வெச்சு நெருக்குங்க. தூள் முழுக்க மோட்டார்லதான் விழும், அடிக்கடி காத்தடிச்சு கார்பன் பிரஷ்ஷையும் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு.