மறு: மறு: ‘பின்னணி’க்கு (background: உணர்கருவியில் கலக்கும் வேண்டாத பதிவுகள்) வேறு சொல் (திங்களுக்குள் தேவை)

> பின்னணி என்றால் பாடகர்தான் நினைவுக்கு வருகிறார். ‘சூழ்கதிர்’ என்று போடுங்கள். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

ஐயா, அழகான சொல்தான், வல்லினம் மிகுமா என்ற தொல்லையும் இல்லை. ஆனால் கட்டுரை இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடி ஆய்வகத்தில், விண்மீன்களில் நடக்கும் அணுக்கரு வினைகளை அளக்கும் லூனா துகள் முடுக்கியைப் பற்றியது. 1400 மீட்டர் பாறை மேலே இருப்பதால் அண்டக்கதிரால் வரும் மியூஆன் துகள்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகின்றன. 1999-இல் வெளியான இரண்டு ஹீலியம்-3 கருக்கள் இணையும் வினையின் அளவீட்டில், மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்கு இரண்டு நிகழ்வுதான் கிடைத்தது, அதனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பொய் எண்ணிக்கையும் உயிரை வாங்கும். பாறையில் இருக்கும் பொட்டாசியம்-40, தோரியத் தொடரின் தாலியம்-208, காற்றில் ரேடான், இந்தக் கதிரியக்கப் பொருள்களின் கதிரெல்லாம் சூழ்கதிர், சரி. இலக்கில் ஒட்டியிருக்கும் போரான், ஃபுளூரின் மாசில் முடுக்கியின் துகள் கற்றையே மோதி எழுப்புகிற காமாக் கதிரை என்ன செய்ய? அது எங்கே சூழ்கிறது? முடுக்கியை நிறுத்திவிட்டுப் பின்னணியை அளந்தால் அது சிக்கவும் சிக்காது.

---

சூழ்தல் என்றால் சுற்றி நிற்பது மட்டுமா? “மற்றொன்று சூழினும் தான்முந் துறும்” என்பதில் திட்டமிடுவதுதானே பொருள். நாம் ஒன்றை அளக்கச் சூழ, முந்திக்கொண்டு வருவது எதுவோ அது சூழ்கதிர். அப்புறம், வெளிக்கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தையும் விடாதீர்கள். புது ஈயத்தில் கதிரியக்கமுள்ள ஈயம்-210 இருக்கும், அரை ஆயுள் 22 ஆண்டு. அதனால்தான் அதே ஆய்வகத்தில் அரிய அணுச்சிதைவைத் தேடும் குவோரே (CUORE) சோதனைக்கு, சார்டீனியா அருகே மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயத்தை எடுத்தார்கள். வங்கம் என்றால் கப்பல், வங்கம் என்றால் ஈயமும். வங்கத்து வங்கம்!

---

வங்கம் இருக்கட்டும், வகுப்புக்கு வாருங்கள். பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சை அண்ட நுண்ணலைப் பின்னணி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதையும் மாற்றுவீர்களா? ‘பின்னணிக் கதிர்வீச்சு’ பிள்ளைகளுக்குப் புரிகிறது.

---

கதிர்வீச்சு வேண்டாம், ‘பின்னணி எண்ணிக்கை’. உணர்கருவி எண்ணுவதைத்தானே கழிக்கிறோம், கருவியின் படிகத்துக்குள்ளேயே இருக்கும் கதிரியக்கமும் அதில் சேர்த்தி.

---

சரி, பெரும்பாலோர் பின்னணி என்கிறார்கள், அதையே போட்டு அனுப்புகிறேன். எண்ணிக்கை வரும் இடத்தில் எண்ணிக்கை.

---

கட்டுரை போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், வேண்டாததைக் குறிக்கும் சொல்லில் ‘வேண்டாத’ என்ற பொருளே இல்லை. ‘வேண்டாக்கதிர்’ பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.