மின்விசிறி சுவிட்ச்: மேல் ஹோசிலா, கீழ்த் தொட்டியிலா?

கிள்ளான் சாலை 120ஒய்:
வணக்கம். அப்பா வைத்திருந்த டாட்சன் 120ஒய்யை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஜேமில் நிற்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பெல்ட் விசிறிக்கு வேகமே வருவதில்லை. அதைக் கழற்றிவிட்டு பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கிய மின்விசிறியை மாட்டினேன். இன்ஜின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும். கையிலிருக்கும் சூட்டு சுவிட்ச் விசிறியை 92-இல் போடும், 87-இல் அணைக்கும். இதை எங்கே வைப்பது, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் மேல் ஹோசிலா, ஆறிய தண்ணீர் சேரும் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியிலா? இரண்டு ஃபோர்மன்களை (மெக்கானிக்குகளை) கேட்டேன், இரண்டு பதில்.

செந்தூல் பட்டறை:
மேல் ஹோஸ்தான் தம்பி. நாம் காப்பாற்ற வேண்டியது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை. ஹெட்டைத் தொட்டுவிட்டு வரும் தண்ணீர் முதலில் போவது அந்த வழியாகத்தான். கீழே வைத்தால் ரேடியேட்டர் முழுக்கச் சூடேறிய பிறகுதான் விசிறிக்குச் சேதி போகும்.

பாலிக் புலாவ் ஏற்றம்:
அண்ணே, எனக்கு அது ஒப்பவில்லை. ரேடியேட்டர் வேலை செய்ததா இல்லையா என்று கீழே இறங்கி வந்த தண்ணீர்தானே சொல்லும்? ஹைவேயில் 90 கிலோமீட்டரில் போகும்போது மேல் ஹோஸ் சூடாகத்தான் இருக்கும். எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும், விசிறிக்கு வேலையில்லை. மேலே சுவிட்ச் இருந்தால் அப்போதும் வீணாகச் சுற்றும், ஆல்டர்னேட்டருக்கும் பாரம். ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ஏறி எங்கள் பக்கம் இறங்கிப் பாருங்கள். ஏற்றத்தில் காற்று இல்லை, கீழ்த் தொட்டி சூடாகி விசிறி போடும். இறக்கத்தில் தானாக நின்றுவிடும். என் வண்டியில் பல வருஷமாக அப்படித்தான்.

செந்தூல் பட்டறை:
தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால்? கீழ்த் தொட்டி குளிர்ந்தே கிடக்கும், உன் விசிறி சுற்றவே சுற்றாது.

பாலிக் புலாவ் ஏற்றம்:
தண்ணீரே ரேடியேட்டருக்கு வராதபோது விசிறி சுற்றி என்ன பயன் அண்ணே? திருப்பிக் கேட்கிறேன். தண்ணீர் ஒழுகி மட்டம் இறங்கினால் முதலில் காலியாவது மேல் ஹோஸ். சுவிட்ச் தண்ணீரைத் தொடாமல் ஆவியில் நிற்கும், சரியான சூடு அதற்குத் தெரியாது.

செந்தூல் பட்டறை:
அது உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற டெக்னிக்கல் ஆசிரியர்:
இருவரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எண்ணை விட்டுவிட்டீர்கள். கீழே 92 ஆகும்போது மேலே 100-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 13 பவுண்டு ரேடியேட்டர் மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 120 வரை கொதிக்காது என்றாலும், இந்த ஊர் வெயிலில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பழைய அடைப்புத் தகட்டை (ஹெட் கேஸ்கெட்) அவ்வளவு தூரம் சோதிக்க வேண்டாம். கீழே வைப்பதென்றால் 85-ஐ ஒட்டிய சுவிட்ச் வேண்டும். அந்த 85 சுவிட்சை மேலே வைத்தால் விசிறி நிற்கவே நிற்காது, தெர்மோஸ்டாட் இன்ஜினை எப்போதும் 82-க்கு மேலேயே வைத்திருக்குமே. ஆகவே உங்கள் 92-க்கு மேல் ஹோஸ், 85-க்குக் கீழ்த் தொட்டி.

செந்தூல் பட்டறை:
மேலே வைத்தால் ஒன்றைக் கவனி தம்பி. ஹோசை வெட்டி நடுவில் அலுமினியக் குழாய் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குவோம். ஒரே ஒரு ஒயர் மாட்டும் ஒற்றை முள் சுவிட்சுக்கு எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடிக்குத் திரும்பும் வழி, அதன் உடம்பு வழியாகத்தான். இரண்டு பக்கமும் ரப்பர், எர்த் எங்கிருந்து வரும்? போன மாதம் ஒரு வண்டி இப்படித்தான் வந்தது. சுவிட்சைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் 'டிக்' என்று சத்தம் கேட்கிறது, வண்டியில் மாட்டினால் விசிறி அசையவில்லை. குழாயிலிருந்து பாடிக்கு ஒரு கறுப்பு ஒயர் இழுத்ததும் சுற்றியது. விசிறியின் கரண்ட்டை ரிலே வழியாக விடு, சிறு கரண்ட்டில் பெரிய கரண்ட்டைப் போடும் சுவிட்ச் அது. நேரே சுவிட்சில் விட்டால் முனை கருகிவிடும்.

கிள்ளான் சாலை 120ஒய்:
நேற்று விசிறி ஒயரைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விட்டு இரண்டு இடத்திலும் அளந்தேன். மேல் ஹோஸ் 96 காட்டியபோது கீழ்த் தொட்டி 87. உடனே அணைத்துவிட்டேன். ஐயா சொன்ன கணக்கு சரியாகவே வருகிறது. 85 சுவிட்சுக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ரேடியேட்டர் கடையில் கீழ்த் தொட்டிக்குப் பித்தளை மரை பற்றவைக்கிறார்கள்.

செந்தூல் பட்டறை:
சரி, உன் விருப்பம். நானாக இருந்தால் மேலேதான். டேஷ்போர்டிலிருந்து ரிலேக்குக் கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் இழுத்து வை. ஏர்கோன் இருந்தால் கம்ப்ரசர் ஓடும்போதும் விசிறி சுற்றும்படி கம்ப்ரசர் ஒயரிலிருந்து தனியாக இன்னொரு ரிலே வை.