‘வேர்தொக்க அடுக்கு’: பில் எவன்ஸின் இடக்கைக்கு ஒரு சொல்

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இசைத்தட்டைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், அவருடைய இடக்கை செய்வதைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு; எந்தச் சுரத்தின் பெயரால் அது அழைக்கப்படுகிறதோ அதுவே அதன் ரூட். அந்த ரூட்டை விட்டுவிட்டு மற்றச் சுரங்களை வாசிப்பதை ஜாஸ் கலைஞர்கள் ‘ரூட்லெஸ் வாய்ஸிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘ஆதார சுரமற்ற கார்டு’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. ஆதாரம் என்றதும் தமிழ்க் காது தம்புராவின் சட்ஜத்தைத் தேடும்; அது கச்சேரி முழுவதும் மாறாதது, ரூட்டோ கார்டுக்குக் கார்டு மாறுவது. ‘அடிச்சுரம்’ என்றால் ஆகக் கீழே ஒலிக்கும் சுரத்தோடு குழம்பும். வேர்ச்சொல் நமக்குப் பழக்கமானது என்பதால் ‘வேர்ச்சுரம்’ பொருந்தும்.

உண்மையான சிக்கல் ‘அற்ற’ என்பதில்தான் இருக்கிறது. டி மைனர், ஜி செவன்த், சி மேஜர் என்று ஜாஸில் ஓயாமல் வரும் கார்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். இவ்வகை வாசிப்பில் முதல் கார்டுக்கு இடக்கையில் எஃப், ஏ, சி, இ என்ற சுரங்கள். அடுத்ததற்கு எஃப், ஏ, பி, இ. வேர்களான டியும் இல்லை, ஜியும் இல்லை. சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகியிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் கார்டு மாறியது காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதே இசைத்தட்டின் ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டில், குழுவின் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோவின் நீண்ட கீழ்ச்சுரங்கள் வேரைத் தந்துவிடுகின்றன, அவர் பியானோவோடு உரையாட மேலேறிவிடும் இடங்களில், யாரும் வாசிக்காத வேரைக் கேட்பவர் காதே நிரப்பிக்கொள்கிறது.

இல்லாமலே உணரப்படுவதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. பொற்குடம் என்பதைப் பொன்னாலாகிய குடம் என்று விரிக்கிறோம். உருபும் பயனும் உடன்தொக்க தொகை அது. மறைந்தவை பொருளில் குறைவதில்லை. ஆகவே ‘வேர்தொக்க அடுக்கு’ என்று பரிந்துரைக்கிறேன். சுரங்களை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதே வாய்ஸிங் ஆதலால் ‘அடுக்கு’ போதும். ‘தொக்க’ என்பதைத் திரண்ட என்றும் கொள்ளலாமே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் ‘வேர்மறை அடுக்கு’ வேண்டுமென்றே ஒளித்துவைத்ததைப்போல் ஒலிப்பதால் அதை ஏற்கத் தயங்குகிறேன். தவிர, தொகைக்கு எதிர் விரி என்பதால், வேர்ச்சுரத்தையும் சேர்த்து வாசிப்பதை ‘வேர்விரி அடுக்கு’ என்று சொல்லும் வசதியும் கிடைக்கிறது.

“எவன்ஸ் வேர்தொக்க அடுக்கிலேயே நிற்க, லஃபாரோ வேர்ச்சுரத்தை விட்டு மேலேறுகிறார்” என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் தடையின்றி ஓடியது.