ஸ்டார்ம் விண்டோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

லெனேசியாவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் முதியோருக்காக வீட்டுப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். குளிர்காலப் பகுதியில் 'ஸ்டார்ம் விண்டோ' வந்து வழிமறிக்கிறது. யோசிக்காமல் 'புயல் சாளரம்' என்று போட்டுவிட்டேன். அத்தை படித்துப் பார்த்து, "ஜோகன்னஸ்பர்க்கில ஏதுடா புயல்?" என்றார். சூறாவளிக்கு முன்னால் இழுத்துச் சாத்துகிற பலகை என்று நினைத்திருக்கிறார். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

பொருள் இதுதான். இருக்கிற சன்னலைக் கழற்றாமல் அதற்கு வெளியிலோ உள்ளேயோ இன்னொரு கண்ணாடியைப் பொருத்துவது. அமெரிக்காவில், கனடாவில் வழக்கமாக வெளியே மாட்டுவார்கள். இங்கே பழைய வீடுகளில் இருக்கும் ஸ்டீல் சன்னல்கள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. வெளியே மாட்டினால் பிறகு திறக்கவே முடியாது. உள்ளே மாட்டலாம் என்றால் பர்க்ளர் கார்ட், அதாவது திருடர் நுழையாமலிருக்கப் போட்ட இரும்புக் கம்பி, குறுக்கே நிற்கிறது. கடைசியில் நான் செய்தது: சன்னல் குழியின் உள்விளிம்பில், கம்பிக்கு இந்தப் பக்கம், காந்தப் பட்டை ஒட்டி, பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டின் ஓரத்திலும் பட்டை வைத்து அதில் ஒட்டவைத்தேன். வேண்டும்போது பிடுங்கி எடுக்கலாம். சட்டத்தின் இடுக்கு வழியே வந்த குளிர்காற்று அன்றைக்கே நின்றது.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். இடுக்கில் நுழையும் காற்றுக்கும், கண்ணாடியில் பிடிக்கும் நீருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேப் டவுனிலிருந்து

தம்பி, குளிர்காற்றுக்கு 'வாடை' என்று சங்க காலத்துச் சொல்லே இருக்கும்போது தேடுவானேன்? 'வாடைத்தடுப்பு' என்று வையுங்கள். நீருக்குப் பாடநூலில் 'ஆவி சுருங்குதல்' உண்டு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

கேப் டவுன் அக்கா கோபிக்கக் கூடாது. வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று. தமிழ்நாட்டில் அது குளிரும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குக் கீழே. இங்கே குளிர் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. முதலில் நனைவது உங்கள் கேப் டவுன்தான், பிறகு டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி, அதற்குப் பிறகு லெனேசியாவில் நடுக்கம். இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் எங்களுக்கு டர்பனில் வடமேற்கிலிருந்து வருவது பெர்க் விண்ட் என்கிற மலைக்காற்று, அது சுடுகாற்று! அதைத் தடுக்கவா கண்ணாடி மாட்டுகிறோம்?

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இருக்கும் மாடத்துச் சாளரம் வழியாக வண்டோடு சேர்ந்து உள்ளே வருவது தென்றல். இங்கே தென்றலுக்குச் சன்னலைத் திறந்தால் மூக்கு ஒழுகும். நம் காற்றுப் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரு திசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் இங்கே கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரோடு சொல் வந்தது, திசை வரவில்லை.

திசை இல்லாத சொல் ஒன்று இருக்கிறது: ஊதல். "ஊதல் அடிக்குது, கதவைச் சாத்து" என்று என் ஆயா சொல்வார். சன்னல் இடுக்கில் வருவதும் ஊதித்தான் வருகிறது. இடுக்குக் காற்றுக்கு, அதாவது ஆங்கிலத்தின் 'டிராஃப்டு'க்கு, அதையே வைக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

ஊதலுக்கு என் ஓட்டு. ஆனால் சன்னலின் பெயரில் காற்றைச் சேர்க்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் காற்றை நிறுத்துவது அதன் பாதி வேலைதான். சன்னலுக்குப் பழம்பெயர் 'காலதர்': கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி என்று பெயர் வைத்துவிட்டு அதன் மேல் காற்றுத்தடுப்பு என்று எழுதினால் சிரிப்பார்கள்.

மற்றப் பாதியைச் சொல்கிறேன். அறை 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 9 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பிடிக்கும். வெளியே 0 பாகை இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 5 பாகையை ஒட்டி இருக்கும். அதனால் விடியும்போது சன்னல் திண்டில் குட்டை. இரண்டாவது கண்ணாடி மாட்டினால், அறையைப் பார்த்திருக்கும் முகம் 12, 13 பாகைக்கு ஏறிவிடும். வேலை செய்வது கண்ணாடி அல்ல, இரண்டுக்கும் நடுவில் அசையாமல் அடைபட்ட காற்று. 20 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

ஒரு நிபந்தனை. அறைப்பக்கத் தகடு இறுக்கமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சற்றே மூச்சுவிட வேண்டும். மாறிப்போனால் அறையின் ஈரம் நடுவில் புகுந்து வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் நீர் பிடிக்கும், துடைக்கவும் கை போகாது. வெளியே மாட்டும் வகையில் அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பார்த்தால் ஓட்டை மாதிரி இருக்கும், யாரோ ஒருவர் கட்டாயம் கண்ணாடி ஒட்டும் புட்டிப் பசை வைத்து அடைப்பார். அடைக்கக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கேஸ் ஹீட்டரையும் விட்டுவிடாதீர்கள். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதில் 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள்ளேயே வரும். இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டு அதை ஏற்றினால் கண்ணாடியில் நீர் பிடிப்பது சின்னக் கவலை. கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். ஹீட்டர் எரியும்போது ஒரு சன்னலாவது கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்.

பெயருக்கு வருகிறேன். இருக்கிற சன்னலுக்குத் துணையாக நிற்பது, ஆகவே 'துணைச்சன்னல்'. வெளியே மாட்டினால் புறத்துணைச்சன்னல், உள்ளே மாட்டினால் அகத்துணைச்சன்னல். அகமும் புறமும் தமிழனுக்கு விளக்கவா வேண்டும்?

கேப் டவுனிலிருந்து

வாடையை வாபஸ் வாங்குகிறேன். போன வாரம் முழுக்கத் தென்மேற்கிலிருந்து அடித்த மழையில் நின்றுகொண்டு அதை எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஆனால் சன்னல் போர்த்துக்கீசியச் சொல்; 'துணைச்சாளரம்' ஆகாதா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து

அக்கா, சாளரம் என்றால் இங்கே பாதிப் பேர் யாரோ மனிதரின் பெயர் என்று நினைப்பார்கள். சன்னல் இருக்கட்டும்.

லெனேசியாவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அத்தையிடம் 'துணைச்சன்னல்' என்றேன், விளக்கம் கேட்கவில்லை. 'ஆவி சுருங்குதல்' என்றதற்கு முகத்தைச் சுருக்கினார். "கண்ணாடி வேர்க்குது என்று எழுதேன்" என்றார். அதையே எடுத்துக்கொண்டேன். கையேட்டில் இப்போது இப்படி இருக்கிறது:

"சன்னல் இடுக்கில் ஊதல் அடித்தாலோ, காலையில் கண்ணாடி வேர்த்தாலோ அகத்துணைச்சன்னல் மாட்டலாம். தகடு அறைப்பக்கம் நான்கு ஓரமும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். மாட்டிய பிறகும் அறைப்பக்கம் வேர்த்தால் அறையில் ஈரம் மிகுதி. சமைக்கும்போதும் குளித்த பிறகும் கதவைத் திறந்து வையுங்கள். நடுவில் வேர்த்தால் தகடு சரியாகப் படியவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டுங்கள்."

பர்க்ளர் கார்டை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு யாரும் சொல் அனுப்ப வேண்டாம், கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.