தீர்மானம் போட்டாச்சு என்கிறார்கள், வேலை நடக்கவில்லை: பேரூராட்சியில் யாரைப் பிடிப்பது?

தெருமுனை:
வணக்கம். எங்கள் தெரு முனையில் சாக்கடை மேல் இருந்த சிறுபாலம் உடைந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கவுன்சிலரைக் கேட்டால் கூட்டத்தில் தீர்மானம் போட்டாச்சு என்கிறார், ஆபீசில் கேட்டால் நிதி வரட்டும் என்கிறார்கள், தலைவர் செயல் அலுவலரைக் கை காட்டுகிறார். நான் வளர்ந்த கிராமத்தில் கிராம சபையிலேயே எழுந்து கேட்டுவிடுவோம். இங்கே அது கிடையாதா? யார்தான் பொறுப்பு?

பழைய கோப்பு:
கிராம ஊராட்சியை மனதில் வைத்துக்கொண்டு பேரூராட்சியைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகமும் அவர் கையில். பேரூராட்சித் தலைவரை 2022 தேர்தலுக்குப் பிறகு கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றம் தீர்மானம் போடும், அதைச் செயல்படுத்துவது செயல் அலுவலர், அவர் அரசு ஊழியர். அதனால் தலைவர் கை காட்டியது முழுக்கத் தப்பு இல்லை, ஆனால் அவரும் மன்றத்தில் கேள்வி கேட்கலாமே.

தீர்மானம் என்பது வெறும் ஆரம்பம். அப்புறம் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று வரிசையாகப் போக வேண்டும். உங்கள் பாலம் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். நிதி இல்லை என்றால் எந்த நிதி? பொதுநிதியா, மாநில நிதிக்குழு மானியமா, வேறு திட்டமா? அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

மனு எழுதுபவன்:
2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க சார். பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணமாகக் கேளுங்கள்: "இன்ன தெரு சிறுபாலம் குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், தீர்மான எண், தேதியுடன். அந்தப் பணிக்கான மதிப்பீட்டின் நகல். பணி ஆணை வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல்." 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

வார்டு குரல்:
கிராம சபை பேரூராட்சிக்குக் கிடையாது, அதற்குப் பதில் வார்டுக்குள் பகுதி சபை உண்டு. 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்றைக்குப் பல ஊர்களில் பகுதி சபை நடந்தது. அடுத்தது எப்போது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். நாலு வீட்டுக்காரர்களோடு போங்கள், தனியாளாகப் போனால் காதிலேயே விழாது.

தெருமுனை:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தர மாட்டேன் என்றால்?

மனு எழுதுபவன்:
நேரில் கொடுக்கவே வேண்டாம். டெலிவரி ஆனதற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், மனுவின் ஜெராக்ஸோடு அந்தச் சான்றையும் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டில் அதுதான் ஆதாரம். கம்பி பிள்ளைகள் காலைக் கிழிக்கும் நிலை என்றால் 30 நாள் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போட்டோ எடுத்து, முதல்வர் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்தப் போட்டோவோடு மனு கொடுங்கள். அது சுற்றி உங்கள் பேரூராட்சிக்கேதான் வரும், ஆனால் மேலிருந்து வருவதால் பதில் எழுதியே ஆக வேண்டும். தற்காலிகமாகப் பலகை போட்டு மூட வேண்டும் என்பதை மனுவில் தனியாக எழுதுங்கள், அதற்கு டெண்டர் வரை போகத் தேவையில்லை.