காசநோய்க்குச் சர்க்கரை மாத்திரை: செல் எரிக்கும் எரிபொருளை மாற்றினால் நோய் மாறுமா?

தென்காசி முத்து:
தம்பிக்கு நுரையீரல் காசநோய். மருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. சர்க்கரை நோய் கிடையாது, பரிசோதித்துவிட்டார்கள். நேற்று ஒரு காணொளி பார்த்தேன். நோயெதிர்ப்புச் செல்கள் சக்தி எடுக்கும் முறையை, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை மாற்றிவிடும், அதனால் காசநோய் சீக்கிரம் குணமாகும் என்றார்கள். இனிப்பையும் சோற்றையும் குறைக்க வேண்டுமாம். டாக்டரிடம் கேட்டு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா? மருந்து ஆரம்பிக்கும்போது அவன் எடை 41 கிலோ.

குடுவை:
அண்ணே, சோற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள். மாத்திரையையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஆனால் அந்தக் காணொளிக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யில்லை.

நான் நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களை வளர்க்கும் திரவம் ரோஜா நிறத்தில் இருக்கும். மாலையில் ஒரு குடுவையில் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கைச் சேர்த்துவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் அது மஞ்சளாகியிருக்கும். எதுவும் சேர்க்காத குடுவை பக்கத்திலேயே ரோஜாவாக நிற்கும். சண்டைக்கு எழுந்த செல் குளூக்கோஸை அவசரமாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே கொட்டுகிறது, அந்தப் புளிப்புதான் மஞ்சள். ஒரு குளூக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால், செல் செலவழிக்கும் சக்தி நாணயமான ஏ.டி.பி. சுமார் 30 கிடைக்கும். இந்த அவசர வழியில் கிடைப்பது இரண்டே இரண்டு. புற்றுநோய்த் திசுக்களில் இதே வழக்கத்தை ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே பார்த்தார்.

இது வெறும் எரிபொருள் கணக்கு இல்லை. 2013இல் டப்ளினில் லூக் ஓநீல் குழுவினர் காட்டியது இதுதான்: இப்படித் தூண்டப்பட்ட மேக்ரோபேஜில் சக்சினேட் தேங்குகிறது. அது ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை அழியாமல் காக்கிறது. அந்தப் புரதம், அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 பீட்டாவை உற்பத்தி செய்யச் சொல்கிறது. அதாவது சக்தி எடுக்கும் பாதையில் வரும் ஒரு பொருளே அழற்சிக்கு உத்தரவு போடுகிறது. காசநோயிலும் அப்படித்தான். மனித நுரையீரல் மேக்ரோபேஜில் குளூக்கோஸ் உடைவதைத் தடுத்தால் உள்ளே கிருமி கூடுதலாகப் பிழைக்கிறது.

டாக்டர் கொங்கு:
முப்பது வருடமாக நெஞ்சக நோய்ப் பிரிவில் இருக்கிறேன். தம்பி, குடுவைக்குள் நடப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இப்போது சொன்னதையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரையை வேகமாக எரித்தால்தான் கிருமி சாகும் என்கிறீர்கள். மெட்ஃபார்மினோ செல்லின் சக்தி இருப்பைக் கண்காணிக்கும் ஏ.எம்.பி.கே. நொதியைத் தூண்டி அழற்சியைத் தணிக்கிற பக்கம் தள்ளுகிறது. அப்படியானால் அது நோயாளிக்கு நல்லதா, கெட்டதா? நெருப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் எந்த முடிவு வந்தாலும் உங்கள் கொள்கை ஜெயித்துவிடும்.

அப்புறம், இதைக் குடுவையோடு விட வேண்டியதில்லை. மனிதர்களிடமே சோதித்தாயிற்று. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய சோதனை அது. சர்க்கரை நோய் இல்லாத 322 காசநோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தோடு மெட்ஃபார்மினும் சேர்த்துக் கொடுத்தார்கள். சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி மறைவது கொஞ்சமும் முந்தவில்லை. 2022இல் முடிவு வெளிவந்துவிட்டது. முத்து, உங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

குடுவை:
டாக்டர், அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் குறைந்தன, எக்ஸ்ரேயில் நுரையீரல் வேகமாகத் தெளிந்தது. கிருமியைக் கொல்ல ஐசோநயசிடும் ரிஃபாம்பிசினும் இருக்கின்றன. மெட்ஃபார்மின் வேலை செய்வது நோயாளியின் செல்லில். அதன் பலனைக் கல்ச்சரை வைத்து அளந்தது தவறான அளவுகோல் என்பது என் வாதம்.

நெருப்பா தண்ணீரா என்று கேட்டீர்கள். காலத்தைப் பொறுத்தது. கிருமி நுழையும் நாட்களில் அந்த வேகம் வேண்டும். மாதக்கணக்கில் அது அணையாவிட்டால் நுரையீரலையே அரித்துக் குழி விழ வைக்கிறது. இட்டகோனேட் என்ற பொருளை மேக்ரோபேஜே தயாரிக்கிறது, தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ள. அதைத் தயாரிக்க முடியாத எலிகள் காசநோயில் சீக்கிரம் செத்துவிடுகின்றன. கட்டுமீறிய அழற்சியால் நுரையீரல் கெட்டுத்தான் சாகின்றன.

டாக்டர் கொங்கு:
எதை அளப்போம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பது எதற்கு? முடிவு வந்த பிறகு அளவுகோலை மாற்றக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டாம் நிலை முடிவுகள் அடுத்த ஆய்வுக்கு விதை, மருந்துச் சீட்டு எழுதக் காரணம் ஆகாது. காலத்தைப் பொறுத்தது என்கிறீர்கள். சரி, என் முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை உண்டா?

குடுவை:
வார்டில் செய்யக்கூடியதாக இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் தொடுவது மருத்துவத்துக்குப் புதிதில்லையே டாக்டர். மூட்டுவாதத்துக்கு லெஃப்ளூனமைடு எழுதுகிறார்கள். பெருகத் துடிக்கும் வெள்ளையணுவுக்கு டி.என்.ஏ. கட்டத் தேவையான பிரிமிடினைத் தராமல் அடைப்பதுதான் அதன் வேலை. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் மைக்கோஃபினோலேட்டும் அதே வகைதான்.

தென்காசி முத்து:
எனக்குப் பாதி புரிகிறது. அம்மா 'லங்கணம் பரம ஔஷதம்' என்று சொல்லி இரவில் கஞ்சி மட்டும் கொடுக்கிறார். அது சரியா?

குடுவை:
பழமொழியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. 2016இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிக்குக் குளூக்கோஸ் ஊட்டினால் செத்தது. இன்ஃபுளூயன்சா வைரஸ் தொற்றிய எலிக்கு ஊட்டினால் பிழைத்தது. இரண்டிலும் கிருமியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. அழற்சியைத் தாங்கும் திறன்தான் மாறியது. ஆக, எல்லா நோய்க்கும் ஒரே பத்தியம் கிடையாது. அதுவும் எலியின் சில நாள் காய்ச்சல் அது. காசநோய் ஆறு மாத வைத்தியம்.

செவிலி மலர்:
அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் முத்து. கஞ்சி போதாது. முட்டை, பருப்பு, கடலை, பால், எது முடியுமோ அது.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வைப் படித்துப் பாருங்கள். நோயாளியின் வீட்டில் இருந்தவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் துவரம் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. காசநோய் மருந்து எதுவும் இல்லை, ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும்தான். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைவு.

டாக்டர் கொங்கு:
சிஸ்டர், கூட இருந்தவர்கள் பற்றிய முடிவை முழுதாக ஏற்கிறேன், அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது. நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்தார்கள், ஒப்பிட ஆளில்லை. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கிறவர்களுக்கு எடை ஏறியதா என்று பிரிக்க முடியாது. 1959இல் வெளிவந்த மதராஸ் ஆய்வையும் மறக்கக் கூடாது. சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுத்திருந்தவர்களும், வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டுக்கொண்டு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமானார்கள். குணமாக்கியது மருந்து.

செவிலி மலர்:
குணம் என்று எதைச் சொல்கிறோம் டாக்டர்? சளியில் கிருமி இல்லை என்பதைத்தானே. போன வருடம் எங்களிடம் ஒருவர் ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மருந்து எடுத்தார். ஜவுளிக்கடையில் மூட்டை தூக்குகிறவர். 'குணமடைந்தார்' என்று என் கையால் பதிவேட்டில் எழுதினேன். முதல் எக்ஸ்ரேயையும் கடைசி எக்ஸ்ரேயையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தேன். வலது மேல்மடலில் குழி மூடியிருந்தது, ஆனால் அந்த இடமே வற்றிச் சுருங்கி, மூச்சுக்குழாயைத் தன் பக்கம் இழுத்திருந்தது. இரண்டாவது மாடிக்கு ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது அவருக்கு. அந்த வேலை போய்விட்டது. அவர் சளியில் ஒரு கிருமி கிடையாது.

டாக்டர் கொங்கு:
அப்படிப்பட்டவர்களை நானும் வாரம் தவறாமல் பார்க்கிறேன். இந்த இடத்தில் குடுவைத் தம்பியின் வாதம் எனக்கு உறைக்கிறது. கிருமி செத்த பிறகும் நுரையீரல் கெடுவதற்கு நம் செல்களின் வேகம்தான் காரணம். மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயில் டெக்சாமெத்தசோன் கொடுத்து அழற்சியை அடக்கினால் இறப்பு குறைகிறது என்று வியட்நாமில் 2004இலேயே காட்டினார்கள். ஆகவே வழி அடைபட்டதல்ல. ஆனால் நான் சீட்டு எழுத வேண்டுமென்றால், மெட்ஃபார்மின் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரு வருடம் கழித்து, மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் எவ்வளவு ஊதுகிறார்கள் என்று காட்டுங்கள். அதையே முதன்மை அளவுகோலாக முன்கூட்டியே எழுதி வைத்துச் செய்யுங்கள்.

குடுவை:
அந்த அளவுகோலை நான் மனதார ஏற்கிறேன் டாக்டர். அதோடு யாருக்குக் கொடுப்பது என்பதையும் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தால் பலன் கரைந்துவிடும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முத்து அண்ணே, இன்றைக்கு உங்கள் தம்பிக்கு இந்த மாத்திரை வேண்டாம்.

செவிலி மலர்:
குமட்டலும் வயிற்றுப்போக்கும் மெட்ஃபார்மினில் சகஜம். 41 கிலோ உடம்புக்கு அது வேறு எதற்கு? உங்கள் மாவட்டத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் கீழ் அவன் உயரம், எடை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம் எல்லாம் பார்த்தார்களா? இப்போது எடை எவ்வளவு?

தென்காசி முத்து:
பார்த்தார்கள் சிஸ்டர். இன்று காலை எடை 41.600.

செவிலி மலர்:
இரண்டு மாதம் முடியும்போது 43ஐத் தாண்ட வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது. நாளையிலிருந்து தினம் இரண்டு முட்டை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்து இங்கே எழுதுங்கள்.